ஹவுளைச் சுத்தம் செய்யப் புறப்பட்டோம்



நான் வழக்கமாக எழுதுவது தஹாரத், தொழுகை, பிள்ளைகளின் ஓதல் ஆகியவை பற்றியே இருக்கும். இதுவும் தஹாரத் பற்றியதுதான். ஆனால் கிதாபைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதக்கூடியதாக இல்லை. சென்ற ஆண்டு ரமலானுக்கு முன் எங்கள் பள்ளிவாசலின் ஹவுளைப் புதுப்பித்தோம். அந்த வேலையில் என் தவறு ஒன்று உண்டு. அதைப் பிறர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்துக் கடலோரத்தில் இருக்கிறது. ஹவுளு 20 அடி நீளம், 14 அடி அகலம். மூன்றடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 24,000 லிட்டர் வரும். ஷாஃபிஈ மத்ஹபின்படி இரண்டு குல்லத்து நீர் இருந்தால் போதும், அது சுமார் 200 லிட்டர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். உள்நாட்டு ஊர்களிலிருந்து வரும் ஹனஃபி சகோதரர்கள் பார்க்கும் பத்துக்குப் பத்து முழக் கணக்கிலும் எங்கள் ஹவுளு தாராளமாகத் தேறிவிடும். ஆக, சட்டப்படி அந்த நீருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. குறை கண்ணுக்குத்தான் இருந்தது.

ஹவுளின் உள்சுவரில் மேல் மூன்று வரிசைகளும் பூ ஓடுகள். வெள்ளைப் பரப்பில் புடைத்து நிற்கும் ரோஜாவும் நீலக் கொடியும். வரிசைக்கு 136 வீதம் மொத்தம் 408. 1930களில் பினாங்கில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்ச் சபுராளிகள் கப்பலில் ஏற்றி அனுப்பியவை என்று பெரியவர்கள் சொல்வர். ஓர் ஓடு கழன்று விழுந்தபோது அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன்; ஜப்பானில் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அக்காலத்தில் ஜப்பானியப் பூ ஓடுகள் மலாயா, சிங்கப்பூர், இந்தியா என்று எல்லா இடங்களிலும் விற்றன. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களிலும் அவற்றைக் காணலாம். என் வாப்பாவின் வாப்பா அந்த ஓடுகள் பதிக்கப்படுவதைச் சிறுவனாக நின்று பார்த்தவர். நான் மத்ரஸாவில் சேர்ந்த வயதில், கொடியின் நீலம் தண்ணீருக்குள் அசைவதைப் பார்த்துக்கொண்டே ஒளுவை மறந்து மோதினாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

என் மாணவர்கள் அந்த நீலத்தைப் பார்த்ததில்லை. கிணற்று நீர் வற்றி ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மாறிய பிறகு, தண்ணீர் தொட்டு நிற்கும் கோட்டில் வெள்ளையாகப் படிய ஆரம்பித்தது. ஆண்டுக்கு ஆண்டு தடித்து, ஓரிடத்தில் விரல் கனத்துக்கு வந்துவிட்டது. இதன் காரணம் எளியது. எங்கள் ஆழ்குழாய் நீர் கடினநீர். நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து ஆவியாகாது. விளிம்பிலேயே தங்கிக் கல்லாகிவிடும். நீச்சல் குளங்களிலும் இதே தொல்லைதான். குளத்து நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நீர்க்கோட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழும். அது கால்சியம் கார்பனேட் என்றால் அமிலத் துளி பட்டவுடன் நுரைக்கும். நாள்பட்ட சில படிவுகள் சிலிக்கேட்டாக இறுகியிருக்கும்; அவை நுரைப்பதில்லை, எளிதில் போவதுமில்லை.

எங்களுடையது நுரைத்தது. அந்த மகிழ்ச்சியில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கூட்டம் சேர்ந்து கிழக்கு மூலையில் கழிப்பறை ஆசிட்டை ஊற்றித் தேய்த்தது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். படிவு கரைந்தது, ஓடுகளின் இடுக்குச் சிமெண்டும் கூடவே கரைந்தது. இரண்டு ஓடுகள் விழுந்தன. பதினோரு ஓடுகளில் பளபளப்பு போய், ரோஜாக்கள் வெளுத்துப் பல்லைக் காட்டின. கரண்டியால் சுரண்டலாம் என்றால் புடைப்புப் பூக்களின் இடுக்கில் கரண்டி நுழையாது. அதன்பின் எவரும் அதைத் தொடத் துணியவில்லை.

சென்ற ஆண்டு ரஜபு மாதத்தில், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் ஜமாஅத் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். அங்கே விடுதி நீச்சல் குளங்களின் ஓடுகளை இப்போது யாரும் கையால் தேய்ப்பதில்லை; காற்றழுத்தத்தில் நுண்துகள்களைப் பாய்ச்சிப் படிவை மட்டும் உதிர்க்கிறார்கள் என்றார். இது புதிய வித்தை அன்று. மணலைக் காற்றில் பாய்ச்சிப் பரப்பை அரிக்கும் முறைக்கு அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் 1870இலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். நம் கடற்கரையில் நிற்கும் பழைய வீட்டுச் சன்னல்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. காற்றும் மணலும் சேர்ந்தால் கண்ணாடி மங்கிவிடும் என்பது அவர்கள் அறிந்ததே.

இரண்டு விலைப்புள்ளிகள் வந்தன. பக்கத்து நகரத்துக்காரர் ஒருவர் 35,000 ரூபாய் கேட்டார். படகுகளின் இரும்பு, கம்பிக் கதவு, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் நீச்சல் குளம் என எல்லாவற்றையும் மணல் அடித்துச் சுத்தம் செய்பவர். சென்னையிலிருந்து வந்த விலைப்புள்ளி 1,10,000 ரூபாய். அவர்கள் மணலைப் பயன்படுத்துவதில்லை. மென்மையான துகள்களை நீர்த்தூவலுடன் அடிப்போம் என்று எழுதியிருந்தார்கள். வேறுபாடு எதற்கு என்று எங்களில் எவரும் கேட்கவில்லை.

எழுந்து பேசியவன் நான். பள்ளிவாசல் பணம் அமானிதம், ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது, குறைந்த விலைக்காரரிடமே கொடுப்போம் என்றேன். அந்த நகரத்துக்காரரிடம் வேலை செய்பவன் என் பழைய மாணவன், நம் பிள்ளை, அக்கறையாகச் செய்வான் என்றும் சேர்த்துக்கொண்டேன். முத்தவல்லி ஒப்புக்கொண்டார். முன்பணமாக 10,000 ரூபாய் கொடுத்தோம்.

அந்த மாணவனைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் வேண்டாம். ஏழு வயதில் என்னிடம் அலிஃப் பே ஓதத் தொடங்கியவன். தஜ்வீது வகுப்பில் அவனுக்கு இணை இல்லை. குரல் இனிமையானவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். இவனுக்கு வாய்த்தது மூச்சு. ஆயத்துல் குர்ஸியை இரண்டே மூச்சில் முடித்துவிடுவான். மத்து எழுத்துகளில் அளவு குறைக்காமல், அவசரப்படாமல். மற்றப் பிள்ளைகள் விரலை மடக்கி எண்ணுவார்கள். வாப்பா மௌத்தானதும் பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனான். இருபது வயதிலிருந்து இந்த மணல் அடிக்கும் வேலை. அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு வியாழக்கிழமை லுஹருக்குப் பின் ஹவுளை வடித்துவிட்டு, மேற்குச் சுவரில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். கம்ப்ரஸர் ஓடியது. அவன் ஹவுளுக்குள் இறங்கிக் குழலைப் பிடித்தான். அரை நிமிடத்தில் உள்ளே எவரும் தெரியவில்லை. சுவருக்கு வெளியே நின்ற எங்கள் நாக்கிலேயே மணல் நெறுநெறுத்தது. கால் மணி நேரம் கழித்து அவன் மேலே ஏறி வந்தான்; முகத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். மூக்கைச் சுற்றியும் இமையிலும் வெள்ளை அப்பியிருந்தது. படியில் உட்கார்ந்து இருமினான். நீண்ட நேரம் இருமினான்.

சுவரைப் பார்த்தோம். படிவு போயிருந்தது. ரோஜாவின் சிவப்பும் பாதி போயிருந்தது. மணலின் குவார்ட்ஸ், கடினத்தில் ஓட்டின் கண்ணாடிப் பூச்சைவிட மேலானது; சுண்ணாம்புப் படிவோ அந்தப் பூச்சைவிடவும் மென்மையானது. மென்மையானதை எடுக்கக் கடினமானதை ஏவினால் இடையில் உள்ளதும் போகும். இது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. அப்போது ஓடுகள் போகின்றனவே என்ற கவலை மட்டும்தான் இருந்தது. வேலையை நிறுத்தச் சொன்னோம். ஓட்டுக்காகத்தான் நிறுத்தினோம், அவனுக்காக அன்று. இதை ஒளிக்க விரும்பவில்லை.

அன்று மக்ரிபுக்குப் பின் அவன் மத்ரஸாவுக்கு வந்தான். முதலாளி கோபித்துக்கொள்வார், நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கேட்க வந்தவன். சிறு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பற்றி அவர்களிடம் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆசையில், ஆயத்துல் குர்ஸியை ஓதிக் காட்டச் சொன்னேன்.

முதல் தொடரிலேயே நின்றான். வக்ஃபு செய்யும் இடம் அன்று. ஒரு சொல்லுக்கும் அதைச் சார்ந்த சொல்லுக்கும் நடுவே மூச்சு அறுந்தது. பின்னால் போய் எடுத்துத் தொடங்கினான். மறுபடி அறுந்தது. ஆயத்து முடிவதற்குள் ஒன்பது இடங்களில் நின்றுவிட்டான். கடைசிப் பகுதியில் தோள்கள் மேலேறி இறங்கின. ஒரு பையன் வழக்கம்போல் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டாவது கையும் தேவைப்பட்டதைக் கண்டு என்னைப் பார்த்தான்.

"ஒன்னுமில்ல ஹஜ்ரத், தூசிதான். பழகிப்போச்சு" என்றான் அவன்.

இருபது ஆண்டுகளாகத் தஜ்வீது கற்பிக்கிறேன். சளியால் அறுபடும் மூச்சு, பயத்தால் அறுபடும் மூச்சு, சோம்பலால் அறுபடும் மூச்சு எல்லாம் எனக்குத் தெரியும். இது அவற்றில் எதுவும் அன்று. மறுநாள் ஜுமுஆவுக்குப் பின் அவனுடைய உம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஓராண்டாகவே இருமல் இருக்கிறதாம். ஒரு தனியார் மருத்துவர் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தாராம். சளியில் கிருமி எதுவும் காணப்படவில்லையாம். என்ன வேலை செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லையாம்.

அரசு மருத்துவமனைக்கு நானே அழைத்துச் சென்றேன். அங்கிருந்த நெஞ்சக மருத்துவர் முதலில் கேட்டதே அந்தக் கேள்வியைத்தான். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் கடுகு தூவியது போலப் புள்ளிகள். சிலிகோசிஸ் என்றார். மணல் உடையும்போது கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது கெடுதல் குறைந்தது. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கி வெளியேறிவிடும். தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால், அதில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் சிறியதாக இருக்கும் துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை போகும். அங்கிருந்து அவை கரைவதில்லை. அவற்றைச் சுற்றித் தழும்பு வளரும், தழும்பு விரியாது. துண்டு கட்டுவது பெரிய துகளை நிறுத்தும், இதை நிறுத்தாது. விழுந்த தழும்பை ஆற்ற மருந்து இல்லை என்றும் சொன்னார். தூசியை விட்டு விலகினால் வேகம் குறையலாம். காசநோய் எளிதில் பற்றும், ஆதலால் கவனம் வேண்டும் என்றார். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றபோது அவன் கேட்டது, "ஹவுளு வேலைய யார் முடிப்பா ஹஜ்ரத்?" என்பதுதான்.

அதன்பின் படித்தேன்; மகனின் உதவியோடு இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். இந்த நோய் புதிதன்று. பிரிட்டனில் சிலிக்கா மணல் அடிப்பதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தடை செய்துவிட்டார்கள். துருக்கியில் ஜீன்ஸ் துணியைப் பழையதாகக் காட்ட மணல் அடித்த இளைஞர்கள் பலர் இதே நோயில் மடிந்தார்கள்; 2009இல் அங்கே ஜீன்ஸுக்கு மணல் அடிப்பது தடை செய்யப்பட்டது. நாம் பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுத்த வெளுத்த ஜீன்ஸ்களை எந்த ஊர்ப் பிள்ளை வெளுக்க வைத்தானோ என்று அன்றிரவு நினைத்தேன். நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சிலிகோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருந்தது. சட்டம் இருந்தது, தெரிவிக்கத்தான் ஆள் இல்லை.

ஷஃபான் தொடக்கத்தில் ஜமாஅத் மீண்டும் கூடியது. முன்பு நான் சொன்னது தவறு, மணல் வேண்டாம், கொடுத்த முன்பணம் போனாலும் போகட்டும் என்றேன். கூட்டம் எளிதில் இணங்கவில்லை. அதில் நியாயமும் இருந்தது. 75,000 ரூபாய் எங்கிருந்து வரும்? நோன்புக் கஞ்சிச் செலவு முன்னே நிற்கிறது. இந்த ரமலானுக்கு ஹவுளு அப்படியே இருக்கட்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது: நாம் வேண்டாமென்றாலும் அந்த நகரத்துக்காரர் வேறிடத்தில் இதையேதானே செய்வார், நாம் மட்டும் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் துணைபோகவும் கூடாது என்று கிதாபில் உள்ளதைச் சொன்னேன். அது அவர்களுக்கும் தெரிந்ததுதான்.

அதுவரை வாசலோரம் பேசாமல் இருந்த மோதினார், "நாம மூக்குக்குத் தண்ணி ஏத்துறது இந்த ஹவுளுலதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு முத்தவல்லி சென்னைக்காரர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். பணத்தில் ஒரு பகுதி பெண்கள் மத்ரஸாவின் உண்டியலிலிருந்து வந்தது. மீதிக்கு மூன்று குடும்பங்கள் கைமாற்றாகத் தந்தன.

சென்னையிலிருந்து இருவர் வந்தார்கள். அவர்கள் வேலை செய்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தங்கள் பள்ளிவாசலிலோ வீட்டுத் தொட்டியிலோ இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் எதையும் அடிக்கவில்லை. தூணுக்குப் பின்னால், ஒளுச் செய்பவர் கண்ணில் படாத இரண்டு ஓடுகளைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள். நீச்சல் குளங்களில் கண்ணாடி மணி, கீசரைட் என்னும் மக்னீசியம் உப்பு, சமையல் சோடா ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துவது வழக்கமாம். இன்றைய ஓடுகளின் பூச்சு கண்ணாடி மணியைத் தாங்கும். இந்தப் பழைய வண்ணப் பூச்சு மென்மையானது, ஆகவே சோடாதான் சரி என்றார் பெரியவர். சோடாத் துகள் படிவைவிடவும் சற்று மென்மையானது. மோதியதும் தானே வெடித்துச் சிதறும், அந்தச் சிதறலில் படிவு விட்டுப்போகும், ஓடு தப்பிக்கும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் போகவில்லை. குழலை ஒன்றரைச் சாண் தள்ளி, சாய்வாகப் பிடித்தார்கள். ஒரே இடத்தில் ஒரு நொடிக்கு மேல் நிறுத்தவில்லை. நேராகப் பிடித்தால் குழி விழுமாம். குழலின் வாயிலேயே நீர்த்தூவல் இருந்ததால் தூசி எழவில்லை. வெள்ளைக் கூழாகி வழிந்தது. இத்தனைக்கும் சோடா நுரையீரலில் தழும்பு உண்டாக்கும் பொருளன்று. ஆயினும் இருவரும் தலையை முழுவதும் மூடிய கவசம் அணிந்து, வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்றை வரவழைத்துச் சுவாசித்தார்கள். உதிர்வது பழைய பூச்சும் சிமெண்டுமாக இருக்கலாம், அதில் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாதல்லவா என்றார் அந்தப் பெரியவர். மேலே படியில் உட்கார்ந்து என் மாணவன் அந்தக் கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இதன் விலை என்ன என்று இருமுறை கேட்டான்.

நான்கு நாட்கள் ஆயின. இரண்டாம் நாள் மாலை வடக்குச் சுவரைக் கழுவிவிட்டபோது நீலம் வெளிவந்தது. பினாங்குச் சபுராளி ஒருவரின் பேரர், எண்பதைக் கடந்தவர், கைத்தடியோடு வந்து நின்று பார்த்தார். எதுவும் சொல்லாமல் ஓர் ஓட்டைத் தொட்டுவிட்டுப் போனார். ஆசிட் பட்ட பதினோரு ரோஜாக்களும் மணல் தின்ற மேற்குச் சுவர்ப் பகுதியும் திரும்பவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டோம். உடைந்திருந்தவற்றின் இடத்தில் வெறும் வெள்ளை ஓடு பதித்தோம். இடுக்குச் சிமெண்டை மீண்டும் பூசி, ஒரு வாரம் காயவிட்டோம். சோடாக் கூழைத் தென்னை மரங்களுக்கு விடவில்லை. அது வேருக்கு ஆகாது. அள்ளித் தனியே அப்புறப்படுத்தினோம்.

இடையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. சுவரில் சோடா ஒட்டியிருந்து நீரில் கரைந்தால் அந்த நீர் ஒளுவுக்குச் செல்லுமா? சுத்தமான பொருளாயினும், அது கலந்து நீர் பெரிதும் மாறினால், தான் சுத்தமாக இருந்தும் பிறவற்றைச் சுத்தமாக்கும் தன்மையை நீர் இழந்துவிடும். கடல்நீரில் விளைந்த உப்பால் மாறினால் குறையில்லை, மலை உப்பால் மாறினால் குறை என்று ஷாஃபிஈ கிதாபுகளில் நுட்பமாகப் பிரித்துப் பேசியிருப்பதை அவனுக்கு எடுத்துக் காட்டினேன். எங்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இருமுறை நிரப்பி இருமுறை வடித்த பிறகே ஒளுவுக்குத் திறந்தோம். நிறம், சுவை, வாடை மூன்றிலும் மாற்றம் இல்லை.

பழைய கதை திரும்பாமலிருக்க இப்போது மழைநீரைச் சேர்த்து ஆழ்குழாய் நீரோடு கலந்து விடுகிறோம். வாரம் ஒருமுறை நீர்க்கோட்டை மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டால் படிவு கல்லாவதில்லை. பத்து நிமிட வேலை. முப்பது ஆண்டுகளாக அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

அவனுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவி செய்து, பேருந்து நிலையத்தருகே நகல் எடுக்கும் கடை ஒன்று வைத்துக் கொடுத்திருக்கிறோம். இழப்பீட்டுக்கு எழுதிப் போட்டோம். ஆறு ஆண்டு வேலைக்கு அவன் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாததால் அது நகரவில்லை. அந்த நகரத்துக்காரரை நானும் முத்தவல்லியும் நேரில் பார்த்தோம். மரியாதையாகத் தேநீர் கொடுத்தார். எல்லோரும் மணல்தானே அடிக்கிறார்கள், நான் மட்டும் கவசம் வாங்கினால் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள் என்றார். விலைப்புள்ளியைப் பார்த்துக் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டவர்கள் நாங்கள். அவரிடம் உரக்கப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. அவரிடம் ஐந்து பையன்கள் இருந்தார்கள். இருவர் விலகிவிட்டார்கள். மூவர் இன்றும் போகிறார்கள். அவர்களில் ஒருவனின் வீட்டுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். அவனுக்கு இரண்டு தங்கைகள், மணமாகவேண்டியவர்கள்.

இதைப் படிக்கும் குடும்பங்களில், வளைகுடாவிலோ நம் கடற்கரை நகரங்களிலோ மணல் அடிக்கும் வேலை, கிரானைட் அறுக்கும் வேலை, ஓடு வெட்டும் வேலை செய்யும் பிள்ளை இருந்தால் இன்றிரவே தொலைபேசியில் கேளுங்கள்: எதை அடிக்கிறாய், தண்ணீர் விடுகிறார்களா, முகத்தில் என்ன போடுகிறாய் என்று. துண்டு என்று சொன்னால் அது பதில் ஆகாது. நாள்பட்ட இருமல் இருந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், செய்யும் வேலையைத் தானாகவே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை அனுப்பும் தொகையை விசாரிப்பதற்கு முன் இதை விசாரியுங்கள்.

வியாழன்தோறும் அஸருக்குப் பின் அவன் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஹவுளின் நீர்க்கோட்டைத் துடைக்கிறான். நாங்கள் கேட்கவில்லை; தானாக எடுத்துக்கொண்ட வேலை. நடுவே இருமுறை படியில் உட்கார்ந்துகொள்வான். மக்ரிபுக்குப் பின் என் அருகில் உட்கார்ந்து ஓதுகிறான். நீண்ட ஆயத்துகளில் பொருள் கெடாமல் எங்கெங்கே நிற்கலாம் என்று பார்த்து, அவனுடைய முஸ்ஹஃபில் பென்சிலால் சிறு கோடுகள் இட்டுக் கொடுத்திருக்கிறேன். சென்ற மாதம் இட்ட கோடுகள் சில இடங்களில் தொலைவாகிவிட்டன. இந்த வாரம் இடையில் இன்னும் சில இட்டேன்.